படிவுப் பாறைகளும் அத்தையின் தூக்கமும்

அன்புள்ள மகளுக்கு,

இந்த வீட்டில் இருப்பது இருவர், இருவரும் நலம், இருவரும் தூங்குகிறோம். முதல் இரண்டு செய்திகளை எந்த வாரமும் எழுதியிருக்கலாம், மூன்றாவதைச் சேர்க்க முடிகிறவரை பேனாவைத் தொடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன், அதனால்தான் இந்தத் தாமதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அவ்வாறே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்குப் பல் முளைக்கும் பருவம் என்பதால் உங்கள் தூக்கத்தைப் பற்றி மட்டும் எதையும் நம்பத் துணியவில்லை. நீ அனுப்பிய ஒலிப்பெட்டி வந்த அன்று தொலைபேசியில் உனக்கு நன்றி சொன்னேன் என்றாலும், அது நன்றி என்று சொல்லத்தக்கதாக இல்லை, வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது என்று முடித்துக்கொண்டேன். காரணம், நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அத்தை பக்கத்து நாற்காலியில் அமர்ந்து என்னைத் திருத்திக்கொண்டிருப்பாள், "செவ்வாய் இல்ல அண்ணி, புதன்" என்பாள், கதை கிழமையிலேயே நின்றுவிடும். இப்போது அவள் பல் மருத்துவரிடம் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் எழுதி முடித்து உறையை ஒட்டிவிட எண்ணம், ஆகவே கையெழுத்து சற்றுச் சாய்ந்திருந்தால் அதை முதுமையின் கணக்கில் சேர்த்துவிடாதே.

மாமா காலமானபின் அத்தை இங்கே வந்தது உனக்குத் தெரியும். வந்தபின் நடந்தவற்றில் பாதியை உன்னிடமிருந்து மறைத்தோம், அதற்குக் காரணம் நீ அங்கிருந்து செய்யக்கூடியது கவலைப்படுவது ஒன்றுதான் என்பதும், அதை நீ யாரும் கேட்காமலே தாராளமாகச் செய்வாய் என்பதும். எனக்கும் அவளுக்கும் நாற்பது ஆண்டுகளாக இருந்த உறவை மரியாதை என்று சொல்லலாம், அதற்கு மேல் சொன்னால் மிகை. நான் படித்த திமிர் பிடித்தவள் என்று அவளும், இரும்புச் சாமான் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து மனிதர்களையும் அளவு பார்த்து எடுத்துக் கொடுக்கிறவள் என்று நானும் எண்ணிக்கொண்டிருந்தோம், இரண்டுமே ஓரளவு சரி. உன் அத்தானுக்கும் அவன் மனைவிக்கும் மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. அவன் ஆய்வகத்தில், அவள் வார்டில். பல இரவுகள் அந்த வீட்டில் ஆளே இருப்பதில்லை. என் வீட்டிலோ உன் அறை காலியாக இருந்தது. ஆகவே சில நாளுக்கு என்று வந்தாள். வந்த நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. படுப்பாள், புரளுவாள், எழுந்து கூடத்துக்கு வருவாள், வாசல் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பாள், "இது தகரம் அண்ணி, பலமா ஒரு தும்மல் போட்டா கழண்டுரும்" என்பாள், திரும்பிப் போய்ப் படுத்து மறுபடியும் வருவாள். அவள் நடந்தால் நான் விழிப்பேன், நான் இருமினால் அவள் எழுவாள், இப்படியாக இரண்டு கிழவிகளும் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு மாதக்கணக்கில் விழித்திருந்தோம். மருத்துவர் கொடுத்த மாத்திரையில் அவள் தூங்கத்தான் செய்தாள், ஆனால் காலையிலும் அந்தத் தூக்கத்தோடேயே நடந்தாள், காப்பியில் உப்பைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து "நீங்க எப்பவுமே இப்படித்தான் குடிப்பீங்க" என்று சாதித்தாள், மருத்துவரே அதை நிறுத்திவிட்டார். அதன்பின் ஒரு நாள் தாழ்ப்பாளைப் பார்க்கப் போனவள், நான் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்த முக்காலியில் தடுக்கி விழுந்து புருவத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. கதவில் இடித்துக்கொண்டாள் என்று உன்னிடம் சொன்னோமே, அது இதுதான்.

தையல் பிரிக்கிற அன்று அத்தான் வந்து, தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்திருப்பதாகவும், இரவெல்லாம் செவிலியர் விழித்திருப்பார்கள் என்றும், மாத முடிவுக்குள் அம்மாவின் தூக்கம் சரியாகாவிட்டால் அங்கே அழைத்துப் போய்விடுவதாகவும் சொன்னான். நல்ல பிள்ளை, நல்ல இடம், நியாயமான பேச்சு. குறை சொல்ல நான் தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தைக்குப் போக விருப்பமில்லை, ஆனால் அண்ணன் வீட்டில் பாரமாக இருக்கிறோம் என்ற நினைப்பில் அதைச் சொல்லவில்லை. எனக்கு அவளை அனுப்ப விருப்பமில்லை, ஆனால் ஒருத்தியைத் தன் பிள்ளையின் ஊருக்குப் போகாதே என்று சொல்ல நான் யார் என்ற நினைப்பில் நானும் சொல்லவில்லை. ஏன் விருப்பமில்லை என்று நீ கேட்பாய். உன் அப்பா போனபின் இந்த வீட்டில் நான் சொன்னதை மறுத்துப் பேச ஆளே இல்லாமல் இருந்தது, நானே சொல்லி நானே ஒப்புக்கொண்டு எட்டு ஆண்டுகள் போயின. அது உடம்புக்கு நல்லதல்ல. நான் எதையும் சொல்லாமலே, தொலைபேசியில் என் குரல் களைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, இரவில் மெல்லிய பின்னணி ஒலி இருந்தால் தூக்கம் வரும் என்று எங்கோ படித்து, அந்தச் சோப்புப் பெட்டி அளவு வெள்ளைப் பெட்டியை நீ அனுப்பிவைத்தாய் பார், அது அந்த வாரத்தில்தான் வந்தது. நான் அதிர்ஷ்டத்தை நம்புகிறவள் அல்ல. உன் கவனத்தை நம்புகிறேன்.

பெட்டியை அத்தையின் தலைமாட்டில் வைத்து முதலில் மழையைப் போட்டோம். உலகமெல்லாம் மழைச் சத்தத்தில் தூங்குகிறது என்று அதோடு வந்த தாளில் எழுதியிருந்தது. அந்த உலகத்துக்கு மொட்டை மாடியில் துணி காய்வதில்லை போலும். அத்தை எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், மாடிக்குப் போய்க் கொடியைத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் நனையவில்லை என்று தெரிந்தும் கீழே வந்தபின் மறுபடியும் அதே சத்தம் கேட்டதால் மறுபடியும் போனாள். மறுநாள் கடல். "யாரோ முற்றத்தைப் பெருக்கிட்டே இருக்காங்க, முடிக்கவே மாட்டேங்கறாங்க, எழுந்து போய் நானே பெருக்கிரலாம்னு இருக்கு" என்றாள். அடுத்துப் போட்ட காட்டில் பூச்சிகள் ஒலித்தன, அவள் கொசு மட்டையை எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாள். எல்லா ஒலிகளும் சமமாகக் கலந்த ஓர் இரைச்சல் உண்டே, வெண்ணிரைச்சல் என்று பெயர், அதுதான் விஞ்ஞானப்படி சிறந்தது என்று நான் விளக்கம் சொல்லிப் போட்டேன். அவள் நேராகச் சமையலறைக்குப் போய்க் காஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்தாள், கசிகிறதாம். ஒலி எதுவானாலும் அது ஒரு வேலையைத் தனக்கு நினைவூட்டுவதாகவே அவள் காதில் விழுந்தது. கடைக்காரியின் காது அப்படித்தான், ஒரு சத்தம் கேட்டால் யாரோ எதையோ கேட்டு வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

அவள் அறையில் தோற்ற பெட்டி என் அறையில் வென்றது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உன் பணம் வீணாகவில்லை. இந்தக் கட்டடத்தின் லிப்ட் கதவு மூடும் சத்தமும், தண்ணீர் மோட்டார் திடீரென்று பிடித்துக்கொள்வதும், கீழே மரச்சாமான் கிடங்குக்குப் பின்பக்கமாக வரும் லாரியின் பீப் பீப்பும் நீ அறிந்தவைதான். பெட்டியில் விசிறி ஒலி என்று ஒன்று இருந்தது, அதைப் போட்டுக்கொண்டு படுத்தேன், விடிந்தபின்தான் விழித்தேன். பின்னணி ஒலி தூக்கத்தைக் கையைப் பிடித்து அழைத்து வருவதில்லை, அது வேறொன்றைச் செய்கிறது. அமைதியான அறையில் ஊசியாகக் குத்துகிற ஒரு சத்தம், ஏற்கெனவே ஓர் ஒலி நிரம்பியிருக்கிற அறையில் மழுங்கிவிடுகிறது. மூளைக்குச் சத்தம் பொருட்டல்ல, சத்தத்தில் ஏற்படும் மாற்றம்தான் பொருட்டு. ஆகவே பேத்தியின் அறையில் இதே போன்ற பெட்டியை வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதை அலறவிடாதே. தொட்டிலிலிருந்து தள்ளி, அறையின் மறுகோடியில் வை, பக்கத்து அறையில் யாரோ பேசுவதைப் போல மெல்லக் கேட்டால் போதும், அவள் தூங்கியபின் சிறிது நேரத்தில் தானாக நிற்கும்படி முடுக்கிவிடு. காது பிஞ்சுக் காது, நாளைக்கு நீ திட்டுவதைக் கேட்க அது வேண்டும்.

நான் நன்றாகத் தூங்க ஆரம்பித்ததும் அத்தைக்கு இன்னும் மோசமாயிற்று, ஏனென்றால் விழித்திருப்பதற்குத் துணையும் போயிற்று. மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. இந்த நிலையில், என் பழைய மாணவி, இப்போது நான் கற்பித்த அதே கல்லூரியில் நிலவியல் துறைக்குத் தலைவி, அஞ்சல்வழியில் படிக்கிறவர்களுக்காக என் பழைய வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டாள். முதல் பாடம் படிவுப் பாறைகள். ஒரு பிற்பகல் கூடத்து மேசையில் கைபேசியை நிறுத்தி வைத்து, முப்பது ஆண்டுகள் சொன்னதை அதே வரிசையில் சொல்லத் தொடங்கினேன். அத்தை எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீரோட்டத்தின் வேகம் குறையும்போது முதலில் கூழாங்கல் படிகிறது, அதன்மேல் மணல் படிகிறது, அதன்மேல் வண்டல் படிகிறது, கடைசியில் களிமண் படிகிறது என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தால், கத்தி ஒரு கையிலும் பீன்ஸ் ஒரு கையிலுமாக அவள் தலை சாய்ந்து மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். தற்செயல் என்றுதான் எண்ணினேன். மறுநாள் சுண்ணாம்புப் பாறைக்கு வந்தேன், அவள் மீண்டும் உறங்கினாள், இம்முறை கத்தியை முன்கூட்டியே கீழே வைத்துவிட்டு. எழுந்தபின் கொஞ்சம் கடுப்போடு, என் பேச்சு அவ்வளவு சலிப்பாகவா இருக்கிறது என்று கேட்டேன். "சலிப்புன்னு சொல்லல அண்ணி. ஒண்ணுமே புரியல, ஆனா நீங்க சொல்றதக் கேட்டா யாரோ எதையோ ஒழுங்கா பாத்துக்கறாங்கன்னு இருக்கு. நான் எழுந்து போய்ப் பாக்க வேண்டியதில்ல" என்றாள். பிறகுதான் மாமாவைப் பற்றிச் சொன்னாள். அவர் கடையை மூடிவிட்டு வந்து படுத்ததும் அன்றைய கதையை ஆரம்பிப்பாராம். அரை இஞ்சுக் கீல் கேட்டு ஒருவன் வந்தான், முக்கால் இஞ்சுதான் இருந்தது, அதற்கு வேறு திருகாணி வேண்டும் என்று சொன்னேன், அவன் கேட்கவில்லை, இப்படியே போகுமாம். "அந்த ஆளு கடைசியில கீல் வாங்கினானா இல்லையான்னு ஒரு நாளும் எனக்குத் தெரியாது. அதுக்குள்ள தூங்கிருவேன்" என்றாள். எத்தனை ஆண்டுகள் என்று கணக்குப் பார். மழையும் கடலும் அவளுக்கு எதற்கு. தனக்குப் பொறுப்பில்லாத ஒரு விஷயத்தை, பொறுப்புள்ள ஒருவர், அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

அன்று மாலைதான் உன்னை அழைத்து, என் பதிவை நினைவக அட்டையில் ஏற்றி அந்தப் பெட்டியில் செருகுவது எப்படி என்று கேட்டேன். எதற்கு என்று நீ கேட்டாய், கல்லூரி வேலை என்றேன், முழுப் பொய்யல்ல. பெட்டி அவள் அறைக்குத் திரும்பிப் போனது. எனக்கு நம் பழைய மேசை விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டேன், காற்று சுவருக்கு, சத்தம் எனக்கு. அன்றிலிருந்து அத்தை தூங்கினாள். முதல் நாள் நான் நம்பவில்லை, அறை வாசலில் நின்று மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வாரம் முழுவதும் தூங்கினாள், முகத்தில் சதை வந்தது, என்னோடு சண்டை போடுவதில் பழைய கூர்மை வந்தது. மகிழ்ந்திருக்க வேண்டியதுதானே. நான் மாணவியை அழைத்து, என் வகுப்பில் நீங்களெல்லாம் தூங்கினீர்களா, உண்மையைச் சொல் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கி, "மேடம், கடைசி பெஞ்சுக்காரங்கதான் படுத்துத் தூங்குவாங்க. நாங்க முதல் பெஞ்சு, மரியாதையா கண்ணத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்குவோம்" என்றாள். முப்பது ஆண்டுகள். தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பெடுத்த அந்தப் பெண்கள் எல்லோரும். 

அதன்பின் நான் செய்தது, வாழ்நாளெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். பாடத்தைத் திருத்தினேன். மேசைக்கு முன் உட்கார்ந்து, சலிப்பூட்டும் பகுதிகளையெல்லாம் வெட்டி, கடலிலிருந்து வெகுதூரத்தில் ஒரு மலையின் உச்சியில் பாறையைப் பிளந்தபோது உள்ளே ஒரு மீன் இருந்தது என்று ஆரம்பித்து, அந்த மீன் எப்படி இருந்தது, செதில் செதிலாக எப்படிப் பதிந்திருந்தது, கண்டவர்கள் என்னவெல்லாம் எண்ணிக் குழம்பினார்கள் என்று வளர்த்து, சரியாக ஆர்வம் உச்சிக்கு ஏறுகிற இடத்தில், விடையை அடுத்த பாடத்தில் காண்போம் என்று நிறுத்தினேன். எனக்கே பெருமையாக இருந்தது. மாணவர்களுக்காகத்தான் பதிவு செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதை எடுத்துப் பழைய பதிவின் இடத்தில் வைத்து அத்தையின் பெட்டியில் செருகியவள் நான்தான். அவளிடமிருந்து ஒரு பாராட்டு வேண்டும் என்று ஆசை, வேறென்ன. காலையில் சமையலறைக்குப் போனால் அவள் கண்கள் சிவந்து அடுப்பின்முன் நின்றுகொண்டிருந்தாள். குட் மார்னிங்கும் இல்லை ஒன்றும் இல்லை. "அந்த மீன் அவ்ளோ உயரத்துக்கு எப்படிப் போச்சு? தண்ணி மேல ஏறிச்சா, மல கீழ இருந்துச்சா? சொல்லாம முடிச்சிட்டீங்களே அண்ணி. எத்தன தடவ திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன் தெரியுமா" என்றாள். என் ஆசிரிய வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் விழித்திருந்த மாணவி. அன்று சனிக்கிழமை. அன்று பிற்பகல்தான் அத்தான் வருவதாக இருந்தது.

வந்தான். அம்மா சாப்பாட்டு மேசையிலேயே கண்ணயர்ந்து, கையிலிருந்த டம்ளரை நழுவவிட்டதைத்தான் அவன் உள்ளே வந்ததும் பார்த்தான். "என்னம்மா, கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கு" என்றான். "நேத்து ஒரு நாள்தான்டா. ஒரு வாரமா நல்லாத்தான் தூங்கினேன். அண்ணி ஒரு மீனப் பத்திப் பேசிட்டாங்க" என்று அவள் சொன்னாள். அவன் மெல்ல என் பக்கம் திரும்பினான். மெனக்கெட்டு அந்தப் பார்வையை உனக்கு வருணிக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் இடம் பார்க்க வேண்டியிருக்குமோ என்று எண்ணுகிற பார்வை. நான் நடந்ததை முறையாக எடுத்துச் சொன்னேன், பெட்டி, பாறை, மீன், எல்லாம். முறையாகச் சொல்லச் சொல்ல அது மேலும் பைத்தியக்காரத்தனமாகத் தொனித்தது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமி, நீங்க எவ்வளவோ பண்ணிட்டீங்க. திங்கக்கிழமை வண்டி சொல்லிடறேன். அம்மா, வேண்டியத மட்டும் எடுத்து வைங்க" என்றான்.  அத்தை எழுந்து அறைக்குப் போய், அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்து மடிக்க ஆரம்பித்தாள். நாற்பது ஆண்டுகளில் அவள் வாதாடாமல் எழுந்து போனதை நான் பார்த்ததே இல்லை. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கெஞ்ச வராது, உனக்குத் தெரியும். அவனிடம் போய், உன் ஆய்வகத்தில் ஒரே ஒரு சாம்பிளை, அதுவும் வேறு ஒன்று கலந்துபோன சாம்பிளை, பார்த்துவிட்டு முடிவு எழுதிக் கொடுப்பாயா என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்தான். "கொடுக்க மாட்டேன் மாமி. திருப்பிப் பாப்போம்" என்றான். அப்படியானால் இன்று இங்கே இரு, திருப்பிப் பார், தவறு என்னுடையது, தூங்காமல் போனது அவள் குற்றமல்ல என்றேன். அவன் ஒத்துக்கொண்டது என்மேல் உள்ள நம்பிக்கையால் அல்ல, தொழில் சுத்தத்தால். அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். மீனை எடுத்துவிட்டுப் பழைய பதிவைச் செருகினேன். சொல்லத் தேவையில்லை, அது என் பேச்சிலேயே மிக மோசமான பேச்சாக இருக்க வேண்டும் என்று அன்று மனமார வேண்டிக்கொண்டேன். அத்தான் காவல் இருப்பதற்காக அவள் அறை வாசலை ஒட்டிக் கூடத்தில் பாயை விரித்து, சுவரில் சாய்ந்து, கைபேசியோடு உட்கார்ந்தான், எத்தனை முறை எழுகிறாள் என்று குறித்துக்கொள்வானாம். என் விசிறியை நான் அன்று போட்டுக்கொள்ளவில்லை. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கிடந்தேன். கூடத்தில் யாரும் நடக்கவில்லை. தாழ்ப்பாளை யாரும் ஆட்டவில்லை.

காலையில் நான் எழுந்து வரும்போது அத்தை குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தாள். அவள் காலடியில் அவளுடைய பிள்ளை, கண்ணாடி மூக்கில் தொங்க, வாய் பிளந்து, கைபேசியைத் தொடைக்கடியில் போட்டுக்கொண்டு, செத்த பிணம் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். "பாருங்க அண்ணி, இவருதான் காவலு" என்றாள். அவனைக் காலால் லேசாக நெம்பி, "எழுந்திருடா, பஸ்ஸு போய் ரொம்ப நேரமாச்சு" என்றாள். அவன் எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "களிமண் வரைக்கும் கேட்டேன் மாமி" என்பதுதான். பாவம், ஷிப்டும் பயணமும் அம்மாவைப் பற்றிய பதற்றமுமாக அந்தப் பிள்ளை எத்தனை காலமாகச் சரியாகத் தூங்கவில்லையோ. காப்பி குடிக்கும்போது அவன் எதுவும் கேட்பதற்கு முன் அத்தையே ஆரம்பித்தாள். "நான் எங்கயும் வரலடா. அங்க நர்சு இருப்பாங்க, மணி அடிச்சா வருவாங்க, எல்லாம் சரிதான். இவங்க மணி அடிக்காமலே பேசுவாங்க. எனக்கு இது போதும்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தாள். நானும் டம்ளரைத்தான் பார்த்தேன். அத்தான் என்னிடம், "உங்களுக்குச் சிரமமில்லையா மாமி, இது எத்தன நாளைக்கு ஓடும்" என்று கேட்டான். படிவுப் பாறைகள் முடிந்தால் தீப்பாறைகள் இருக்கின்றன, அதற்குப் பிறகு உருமாறிய பாறைகள், பாடத்திட்டம் பெரியது என்றேன். அவன் சிரித்தான். மாமா இறந்தபின் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். இல்லத்துக்குத் தொலைபேசி செய்து, அறை வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று என் எதிரிலேயே சொன்னான். போகும்போது அந்தப் பதிவைத் தன் கைபேசியிலும் ஏற்றிக்கொண்டு போனான், பகலில் தூங்க வேண்டியிருக்கிற நாட்களுக்காம்.

அதன்பின் வீட்டில் சில மாற்றங்கள். முக்காலி பால்கனிக்குப் போய்விட்டது. அத்தையே கடைக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்து, தச்சரைப் பக்கத்தில் நின்று திட்டித் திட்டிப் பொருத்தவைத்தாள். அவர் போகும்போது, இந்த அம்மா எந்தக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தார்கள் என்று என்னைக் கேட்டார். மீன் கதையின் மீதியை இப்போது பகலில், பீன்ஸ் நறுக்கும்போது, தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வகுப்பில் யாரும் தூங்குவதில்லை, பதிலுக்குப் பதில் பேச்சு வருகிறது, கரும்பலகைதான் இல்லை. மாணவிக்கும் அந்தத் திருத்திய பாடத்தையே அனுப்பினேன். கேட்டுவிட்டு, இத்தனை காலம் இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறாள். அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை, கொஞ்சம் காத்திருக்கட்டும்.

இவ்வளவையும் எழுதியது ஒரு காரணத்தோடுதான். உன் பெட்டிக்கு நன்றி; அதிலிருந்த மழைக்கும் கடலுக்கும் அல்ல, ஓர் அட்டையைச் செருகுவதற்கு அதில் ஓட்டை இருந்ததற்கும், அதைவிட, இரண்டு வரித் தொலைபேசிப் பேச்சில் என் தூக்கமின்மையைக் கேட்டுவிட்ட உன் காதுக்கும். திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்த உன் அத்தானுக்கு நன்றி. முப்பது ஆண்டுகள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிய அந்த மரியாதைக்காரப் பெண்களுக்கும் நன்றி, வகுப்பைச் சலிப்பாகவே வைத்திருக்க என்னை விட்டுவிட்டார்கள். அத்தைக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், நீயும் சொல்லிவைக்காதே, தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

போன வாரம் அத்தான் ஒரு வேனில் அவளுடைய சாமான்களை அனுப்பிவைத்தான். அவற்றில் மாமாவின் கடையிலிருந்த இரும்பு அலமாரி ஒன்றும் இருந்தது, உயரத்தில் என்னையும் மிஞ்சுவது, முழுவதும் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் ஆணியோ திருகாணியோ மாதிரிக்காக ஒட்டியிருக்கிறது. அதைக் கூடத்தில் என் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தியாயிற்று. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அழகில்லை, வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இழுப்பறைகளில் தன் பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், நடு வரிசையை மட்டும் காலியாக விட்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்று எண்ணினேன். நேற்று என் மூக்குக் கண்ணாடியைத் தேடியபோது, "நடு வரிசையில பாருங்க, இடது கைப் பக்கம்" என்று சமையலறையிலிருந்து சொன்னாள். திறந்து பார்த்தால் என் கண்ணாடி, என் மாத்திரைகள், என் பேனாக்கள், உன் பழைய கடிதங்கள், ஒவ்வொன்றும் அளவு பார்த்து ஒவ்வோர் இழுப்பறையில்.

லிப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது, கூடவே அதன் கீலைப் பற்றிக் காவலாளியிடம் யாரோ குறை சொல்லும் சத்தமும் கேட்கிறது, ஆகவே முடித்துக்கொள்கிறேன். நீங்கள் மூவரும் உடல் நலத்தோடும் ஒருவருக்கொருவர் மறுத்துப் பேசும் தெம்போடும் நெடுநாள் வாழ என் ஆசிகள். பெட்டியைத் தொட்டிலிலிருந்து தள்ளி வைக்க மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது முதலில் அத்தையிடம் பேசு, பல் எப்படி இருக்கிறது என்று கேள். அவள் நிறையச் சொல்லுவாள், நீ பாதியில் தூங்கிவிட்டாலும் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள்.

இப்படிக்கு,
உன்னை நன்றியோடு நினைக்கும்,
அம்மா